ஐம்பதாவது சொல்

ஸ்டேப்ளரைத் தேடித்தான் வாஞ்சிநாதன் மகளின் மேசை இழுப்பறையைத் திறந்தார். கிடைத்தது நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை. நோட்டுக்குள் ஸ்டேப்ளர் இருக்காது என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் பிரித்தார்.

மூன்றாவது அத்தியாயம் என்று தலைப்பிட்டு, மகளின் குண்டுகுண்டான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது:

"சொற்பட்டியல் செயலாளரின் பீரோவில், இரண்டாவது தட்டில், ஸ்வெட்டர்களுக்கு அடியில் இருக்கிறது. சாவி பீரோவின் மேலேயே இருக்கும். அவர் குளித்துவிட்டு வர இருபது நிமிடம் ஆகும். அது போதும்."

வாஞ்சிநாதன் அந்த வரிகளை இரண்டு தடவை படித்தார். கல்கத்தா டாலிகஞ்ச் தமிழ் அன்பர் மன்றத்தின் செயலாளர் அவர்தான். மன்றம் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்தும் 'பிழையற எழுதுவோம்' போட்டிக்கான சொற்பட்டியல், சென்னைத் தலைமை மன்றத்திலிருந்து அரக்கு முத்திரையோடு முந்தாநாள்தான் வந்திருந்தது. அதை அவர் பீரோவில், இரண்டாவது தட்டில், ஸ்வெட்டர்களுக்கு அடியில்தான் வைத்திருந்தார். குளிக்க இருபது நிமிடம் என்பது மட்டும் அபாண்டம். பதினைந்துக்கு மேல் ஆனதில்லை.

பீரோவைத் திறந்து பார்த்தார். உறை இருந்தது. முத்திரையும் அப்படியே இருந்தது. அவருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

வேறொரு வருஷமாக இருந்தால் இவ்வளவு வியர்த்திருக்காது. போன வருஷம் அவருடைய மகள் அக்‌ஷயாதான் முதல் பரிசு. பரிசு கொடுத்த கை ஈரம் காய்வதற்குள் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸ் மாரியப்பன் எழுந்து, "பட்டியல் இருக்கிற வீட்டுக்கே பரிசும் போவுது, நல்லாத்தான் இருக்கு" என்று சபையில் சொல்லிவிட்டார். வாஞ்சிநாதனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மைக்கைப் பிடித்து, "அடுத்த வருஷம் என் வீட்டிலிருந்து ஒரே ஒரு எழுத்து கசிந்தாலும் பதவியை விட்டுவிடுகிறேன். என் மகளையும் இனிமேல் எந்தப் போட்டிக்கும் அனுப்பமாட்டேன்" என்று சபதம் செய்தார். சபதம் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியது. எழுதியவரும் அவரே.

அக்‌ஷயா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நோட்டை நீட்டினார்.

"இது என்னது?"

"என் நோட்ட ஏம்ப்பா எடுத்தீங்க?"

"ஸ்டேப்ளர் தேடினேன்."

"ஸ்டேப்ளர் ஃப்ரிட்ஜ் மேல இருக்கு."

"அது இருக்கட்டும். இதுல என்ன எழுதியிருக்கே?"

"நாவல்ப்பா. நானும் ஸ்நேகாவும் சேர்ந்து எழுதறோம். மிஸ்ட்ரி நாவல். ஸ்பெல்லிங் போட்டிக்குப் போற ரெண்டு ஃப்ரெண்ட்ஸ். போட்டிக்கு முன்னாடி வேர்ட் லிஸ்ட் காணாமப் போயிடுது. யார் எடுத்தான்னு அவங்க கண்டுபிடிக்கறாங்க."

"யார் எடுத்தா?"

"அது இன்னும் எழுதல."

"சரி, செயலாளர்னு போட்டிருக்கியே, அது யாரு?"

"சும்மா ஒரு செயலாளர்ப்பா. கற்பனை."

அந்தக் கற்பனைச் செயலாளர் முதல் அத்தியாயத்தில், 'ஏசி அறையிலும் வியர்க்கிற, எதைக் கேட்டாலும் அதாவது என்று தொடங்குகிற, தொப்பை உள்ள மனிதர்' என்று வர்ணிக்கப்பட்டிருந்தார்.

"அதாவது..." என்று தொடங்கிய வாஞ்சிநாதன் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

ஸ்நேகா மூன்றாவது மாடியில் இருப்பவள். அவள் அப்பா ஃபிராங்க்ளின் ஐ.டி. கம்பெனிக்காரர், நாகர்கோவிலிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே வகுப்பு, ஒரே பஸ், ஒரே சாயலில் இரட்டைப் பின்னல். இரண்டு பேரும் ரகசியம் பேசினால் வங்காளத்தில்தான் பேசுவார்கள். இருபது வருஷம் கல்கத்தாவில் குப்பை கொட்டியும் வாஞ்சிநாதனுக்கு வங்காளம் மீன் கடை வரைக்கும்தான் வரும்.

அந்த மே மாதத்தோடு ஃபிராங்க்ளினுக்குப் பூனாவுக்கு மாற்றல். அதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து செய்யக் கிடைத்தது இந்தப் போட்டி ஒன்றுதான். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களைச் சென்னைக்கு, இறுதிப் போட்டிக்கு அனுப்புவார்கள். போக ஒருநாள் ரயில், அங்கே மூன்று நாள் விடுதி, வர ஒருநாள் ரயில். "ரெண்டு பேரும் ஜெயிச்சாத்தான் போவோம், ஒருத்தி மட்டும் ஜெயிச்சா போகமாட்டோம்" என்று பிள்ளைகள் போன மாதமே அறிவித்திருந்தார்கள். அப்போது அதைக் கேட்டு வாஞ்சிநாதன் சந்தோஷப்பட்டார். இப்போது அதையே நினைத்தால் பகீரென்றது.

"பேசாம உறையை நாகரத்தினம் மேடம்கிட்ட குடுத்துடுங்களேன்" என்றாள் மனைவி ராஜலக்ஷ்மி. நாகரத்தினம், அலிப்பூரில் அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரி. தமிழ் எம்.ஏ. போட்டியில் சொற்களை வாசிப்பதும் தாள் திருத்துவதும் அவர்தான்.

"என்னன்னு சொல்லிக் குடுக்கிறது? என் பொண்ணு மேல எனக்கே சந்தேகம்னா?"

"சந்தேகமா இருந்தா அவகிட்டயே கேளுங்க."

"கேட்டாச்சு. நாவல்ங்கிறா."

"அப்ப நாவல்தான்."

மனைவிக்கு எல்லாமே இப்படித்தான் சுலபமாக முடிந்துவிடும். வாஞ்சிநாதன் அன்று சாயங்காலமே உறையை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசி டிரம்மின் அடியில் புதைத்தார். ராஜலக்ஷ்மியிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் காலை அவள் அரிசி அளக்கும்போது பை தட்டுப்பட, பூச்சிக்கு யாரோ மருந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தொடாமல் விட்டுவிட்டாள்.

புதன்கிழமை நோட்டில் நான்காம் அத்தியாயம் முளைத்திருந்தது.

"செயலாளர் பட்டியலை அரிசி டிரம்முக்குள் மறைத்தார். அவர் முழங்கை வரை அரிசி மாவு ஒட்டியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஆனால் இரு தோழியரும் கவனித்தார்கள்."

வாஞ்சிநாதன் தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டார். இரண்டு அறை வீட்டில் எதை எங்கே ஒளிப்பது? வீட்டுக்குள் வைத்தால்தானே இந்தத் தொல்லை என்று, வியாழக்கிழமை உறையைச் சாப்பாட்டுப் பையில் வைத்து தான் வேலை பார்க்கும் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டு அலுவலகத்துக்கே எடுத்துப் போனார். அங்கே இரும்பு அலமாரி இருக்கிறது. பூட்டும் இருக்கிறது. அலுவலகம் போய்ப் பையைத் திறந்தபோதுதான் சாம்பார் டப்பாவின் மூடி சரியாக மூடப்படவில்லை என்று தெரிந்தது. உறையின் பாதி மஞ்சளாகிவிட்டது. அரக்கு முத்திரை நனைந்த காகிதத்தோடு கையோடு வந்துவிட்டது.

தற்செயலாகத்தான் நடந்தது என்றாலும், முத்திரையை உடைத்தவர் இப்போது அவரே. பக்கத்து மேசை வைத்தியநாதன் எட்டிப் பார்த்தார்.

"என்ன ஓய், ஆபீஸ் கவரெல்லாம் சாம்பார்ல ஊறப் போட்டு எடுத்துண்டு வரேள்?"

"அதாவது... பெர்சனல்."

"பெர்சனல்னா ரசம் பண்ணியிருக்கலாமே. கறை பிடிக்காது."

அலமாரியில் வைத்தால் எறும்பு வரும். வாஞ்சிநாதன் பட்டியலை மின்விசிறிக்குக் கீழே உலர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு புதிய உறைக்கு மாற்றி, வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வந்தார். கண்ணை மூடிக்கொண்டது நேர்மைக்காக. அதனால் முதல் தடவை பட்டியலுக்குப் பதிலாகத் தன் லீவு விண்ணப்பத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டார். மறுபடி கிழித்தார்.

வெள்ளிக்கிழமை, ஐந்தாம் அத்தியாயம் ஒரே வரி. "பட்டியல் சாம்பார் வாசனையோடு வீடு திரும்பியது."

இது தாங்கக்கூடியதாக இல்லை. பெற்ற பெண் திருடுகிறாளா இல்லையா என்று தெரியாமல் அவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்று தோன்றியது. சிரிக்காவிட்டால் இன்னும் மோசம். நேரே கேட்டு, அவள் "ஆமாம்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. எப்படியாவது உண்மை தெரிய வேண்டும். அது நல்ல உண்மையாகவும் இருக்க வேண்டும்.

யோசித்தபோது வழி ஒன்று தென்பட்டது.

சென்னையிலிருந்து வரும் பட்டியலில் நாற்பத்தொன்பது சொற்கள்தான் இருக்கும். ஐம்பதாவது சொல்லை அந்தந்த ஊர்ச் செயலாளரே தன் கைப்பட எழுதிச் சேர்க்க வேண்டும். அது மன்றத்தின் வழக்கம். அந்த ஐம்பதாவது சொல்லையே பொறியாக வைத்துவிட்டால்?

அவருக்கு மிகவும் பழக்கமான சொல் ஒன்று இருந்தது. மன்றத்தில் இருப்பது முந்நூறு குடும்பம். ஒவ்வொரு சுற்றறிக்கையும் 'நமது முன்னூறு குடும்பங்களுக்கும் வணக்கம்' என்றுதான் தொடங்கும். அவர்தான் எழுதுவார். அந்த 'முன்னூறு'வில் இருக்கும் இரண்டு 'ன'வையும் எடுத்துவிட்டு இரண்டு 'ந' போட்டு, பட்டியலின் கடைசியில் எழுதினார். முந்நூறு. பார்க்கவே அசிங்கமாக இருந்தது. சொல்லுக்கு நடுவில் யாராவது இரட்டை 'ந' போடுவார்களா? கிறுக்கன்கூடப் போடமாட்டான்.

பொறியின் அழகே அதில்தான் இருந்தது. வாசிக்கும்போது இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆகவே நேர்மையான பிள்ளை 'முன்னூறு' என்றுதான் எழுதும். 'முந்நூறு' என்று எழுதுகிற பிள்ளை பட்டியலைப் பார்த்த பிள்ளை. வேறு வழியே கிடையாது. இதை யோசித்த மூளை தன்னுடையதுதானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

உறையை ஒட்டிப் பழையபடி பீரோவின் இரண்டாவது தட்டில், ஸ்வெட்டர்களுக்கு அடியில் வைத்தார். சாவியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பீரோவின் மேல் வைத்தார். சனிக்கிழமை காலை, "நான் குளிக்கப் போறேன்" என்று இரண்டு தடவை உரக்கச் சொல்லிவிட்டுப் போனார். முதல் தடவையாக இருபது நிமிடம் குளித்தார்.

வெளியே வந்தபோது ஸ்நேகா கூடத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள்.

"குட்மார்னிங் அங்கிள்."

"குட்மார்னிங். நாவல் எப்படிப் போகுது?"

"ஆறாவது சாப்டர்ல ஸ்டக் ஆயிட்டோம் அங்கிள்."

நோட்டைப் பார்த்தார். ஆறாம் அத்தியாயம் என்ற தலைப்புக்குக் கீழே பக்கம் காலியாக இருந்தது. அந்தக் காலிப் பக்கம் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போட்டி. துர்கா பூஜை நடத்தும் தெருக் கிளப்பின் ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இருபது பிள்ளைகள் வந்திருந்தார்கள். பெற்றோர் நாற்பது பேர். மாரியப்பன் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மகன் உதயும் போட்டியில் இருந்தான்.

நாகரத்தினம் உறையைக் கிழித்துப் பட்டியலை எடுத்தார். மூக்கைச் சுளித்தார்.

"சார், பேப்பர்ல ஏதோ பெருங்காய வாசனை வருதே?"

"அதாவது... சென்னையிலிருந்தே அப்படித்தான் மேடம் வந்தது."

நாகரத்தினம் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். வாஞ்சிநாதன் அவர் கண்ணையே பார்த்தார். கடைசிச் சொல்லைப் பார்த்து இது என்ன தப்பு என்று கேட்டுவிட்டால் பொறி அம்பலமாகிவிடும்.

"ஐம்பதாவது சொல் ரொம்ப நல்ல சொல் சார்" என்றார் நாகரத்தினம். அவ்வளவுதான்.

தமிழ் எம்.ஏ. கண்ணிலேயே படவில்லை என்று வாஞ்சிநாதன் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. கிழக்கு, கிழங்கு, பழக்கவழக்கம், உளுந்து, மறுமலர்ச்சி. வங்காள வாத்தியார்களிடம் படிக்கும் பிள்ளைகள் 'ழ'வில் தலையைச் சொறிந்தார்கள். அக்‌ஷயாவும் ஸ்நேகாவும் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து மளமளவென்று எழுதினார்கள். அந்த வேகம் வாஞ்சிநாதனின் ரத்த அழுத்தத்தைக் கூட்டியது. ஐம்பதாவது சொல்லை நாகரத்தினம் மூன்று தடவை வாசித்தார்.

தாள்களை வாங்கியதும் வாஞ்சிநாதன், "ஒரே நிமிஷம் மேடம், பெயரெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டுத் தரேன்" என்று மேடைக்குப் பின்னால் கொண்டுபோனார். முதலில் மகளின் தாளை எடுத்தார். கண்ணை நேரே கடைசி வரிக்குக் கொண்டுபோனார்.

முன்னூறு.

இன்னொரு தடவை பார்த்தார். இரண்டு 'ன'. குண்டுகுண்டான இரண்டு 'ன'. ஸ்நேகாவின் தாளைத் தேடி எடுத்தார். அதிலும் முன்னூறு.

வாஞ்சிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகளைப் போய் சந்தேகப்பட்டோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தோடு மற்ற தாள்களையும் சும்மா புரட்டினார்.

உதய்: முந்நூறு. அடுத்த பிள்ளை: முந்நூறு. அதற்கடுத்தது: முந்நூறு. பதினெட்டுத் தாளிலும் முந்நூறு.

பட்டியல் கசிந்திருக்கிறது. ஒரு பிள்ளைக்கு இல்லை, ஊருக்கே கசிந்திருக்கிறது. எப்படி? சாம்பாரை உலர்த்தும்போது வைத்தியநாதன் எட்டிப் பார்த்தாரே? ஆனால் அப்போது ஐம்பதாவது சொல்லே கிடையாதே? இதையெல்லாம் யோசிக்கிற நிதானத்தில் அவர் இல்லை. சபதப்படி பதவி போகத்தான் போகிறது, போகிற போக்கில் நியாயத்தையாவது நிலைநாட்டிவிட்டுப் போவோம் என்று நேரே போய் மைக்கைப் பிடித்தார்.

"அதாவது... மிகுந்த வருத்தத்தோடு சொல்றேன். இந்த ஹால்ல இருக்கிற இருபது பிள்ளைகள்ல பதினெட்டுப் பேர் பட்டியலை முன்கூட்டியே பார்த்திருக்காங்க. என்கிட்ட ஆதாரம் இருக்கு. பார்க்காதது ரெண்டே பேர். அந்தப் பதினெட்டுப் பேரும் போட்டியிலிருந்து நீக்கப்படறாங்க."



"அந்த ரெண்டு பேரு யாரு சார்?" என்று கேட்டார் மாரியப்பன். உட்கார்ந்தபடியேதான் கேட்டார்.

"என் மகள் அக்‌ஷயா. அப்புறம் ஸ்நேகா."

இப்போது மாரியப்பன் எழுந்தார். அவரோடு முப்பத்தைந்து பேர் எழுந்தார்கள்.

"என்ன சார் பேசுதீய? என் மவன் திருடனா? சபையில வெச்சு சொல்லிட்டீயளே! பட்டியல் ஒங்க வீட்டுல, திருடன் எங்க வீட்டுலயா?"

நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு அம்மா அழத் தொடங்கினார். தமிழர்கள் சண்டை போடுவதைப் பார்க்கக் கிளப்பின் காவலாளி பாபி-தா டீ கிளாசோடு கதவருகே வந்து நின்றார். ஃபிராங்க்ளின் தன் பெண் யோக்கியமானவள் என்று பெருமைப்படுவதா, பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பயப்படுவதா என்று தெரியாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆதாரம்னீங்களே, அது என்ன சார்?" என்று நாகரத்தினம் கேட்டார்.

வாஞ்சிநாதன் பொறியை விளக்கினார். வேண்டுமென்றே இரட்டை 'ந' போட்டதையும், பதினெட்டுப் பேர் அதே தப்பை அப்படியே எழுதியிருப்பதையும் விவரமாகச் சொன்னார். பேசப் பேச அவருக்கே தன் திறமையில் மறுபடி நம்பிக்கை வந்தது.

நாகரத்தினம் பட்டியலை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு, "மைக்கைக் கொஞ்சம் குடுங்க சார்" என்றார்.

கொடுத்தார்.

"மூன்றும் நூறும் சேர்ந்தா முந்நூறு. ரெண்டு 'ந'. அதுதான் சரி. முன்னூறுன்னா முன்னால இருக்கிற நூறுன்னு அர்த்தம் ஆயிடும். பதினெட்டுப் பிள்ளைங்களும் சரியா எழுதியிருக்காங்க. அந்த ரெண்டு பேர் எழுதினதுதான் தப்பு."

"எ... எங்க இருக்கு அப்படி?"

"போன மாசம் பயிற்சிப் புத்தகம்னு ஒண்ணு குரூப்ல அனுப்பினீங்களே, அதுல பன்னிரண்டாம் பக்கம். நீங்க பாக்கலையா?"

வாஞ்சிநாதன் அதைத் திறக்கவே இல்லை. வந்ததை அப்படியே தள்ளிவிட்டிருந்தார். கூடவே, 'அனைவரும் கவனமாகப் படிக்கவும்' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

பிறகு நடந்ததை வாஞ்சிநாதன் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதவில்லை. மைக்கில் ஒரு தடவையும், ஒவ்வொரு வரிசையாகப் போய்த் தனித்தனியாகவும் மன்னிப்புக் கேட்டார். உதயின் தலையைத் தடவினார். அழுத அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். அவர் முகத்தைப் பார்த்து யாருக்கும் அதற்குமேல் கோபம் வரவில்லை. பாபி-தாவுக்கு விஷயம் புரியவில்லை, ஆனாலும் ஒரு டீ கொண்டு வந்து கொடுத்தார்.

ஒரு மணிக்கு நாகரத்தினம் முடிவைப் படித்தார்.

"யாருமே ஐம்பது வாங்கல. முதலிடம் ரெண்டு பேர். அக்‌ஷயா, நாற்பத்தொன்பது. ஸ்நேகா, நாற்பத்தொன்பது. அடுத்து உதய், நாற்பத்தாறு. அக்‌ஷயாவும் ஸ்நேகாவும் சென்னைக்குப் போறாங்க. அவங்க விட்ட ஒரே சொல், இவ்வளவு நேரம் நாம சண்டை போட்ட சொல்தான்."

கூட்டம் சிரித்தது. பிறகு கைதட்டியது. இரண்டு ஓரங்களிலிருந்தும் பிள்ளைகள் ஓடி வந்து நடுவில் கட்டிக்கொண்டார்கள்.

மாரியப்பன் வாஞ்சிநாதனிடம் வந்து கையைப் பிடித்தார்.

"சார், போன வருசம் நான் பேசினத மனசுல வெச்சுக்கிடாதீய. ஐம்பதுக்கு ஐம்பது எடுத்திருந்தா நானே சந்தேகப்பட்டிருப்பேன். வீட்டுல பட்டியல வெச்சுக்கிட்டு பெத்த பிள்ளைக்கே நீங்க காட்டலன்னு இன்னிக்கு எல்லாரும் பாத்துட்டாவ. ஒங்க நேர்மைக்கு அந்த ஒரு தப்பு போதும் சார்."

வாஞ்சிநாதன் அவர் கையைக் குலுக்கினார். முட்டாள் என்று பெயர் வாங்கியாயிற்று, அது போகட்டும். மகள் திருடியில்லை என்று தெரிந்துவிட்டது. பதவியும் தப்பியது. அந்த வாரத்தில் முதல் தடவையாக அவருக்கு வியர்க்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், டாலிகஞ்ச் மெட்ரோ பக்கத்து மிட்டாய்க் கடையில் இரண்டு பிள்ளைகளையும் பெஞ்சில் உட்காரவைத்து ஆளுக்கொரு மண்கிண்ணத்தில் மிஷ்டி தொய் என்கிற இனிப்புத் தயிர் வாங்கிக் கொடுத்தார். எதிரில் நின்றுகொண்டே பேசினார்.

"ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு சொல்லணும். இந்த வாரம் பூரா உங்க மேல எனக்குச் சந்தேகம். அந்த நாவலைப் படிச்சுட்டு, நீங்க பட்டியலை எடுத்துப் பாக்கப் போறீங்கன்னே முடிவு பண்ணிட்டேன். உங்களைப் பிடிக்கத்தான் அந்தப் பொறியே வெச்சேன். அப்பா தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்கம்மா."

அக்‌ஷயா கிண்ணத்தைவிட்டு நிமிரவேயில்லை.

"நீங்க அந்த ஒரு சொல்லைத் தப்பா எழுதினீங்களே, அதைப் பார்த்தப்பதான் எனக்கு உயிரே வந்தது. நாற்பத்தொன்பது மார்க்கைவிட எனக்கு அந்த ஒரு தப்புதான் பெரிசு. அந்தத் தாளை நான் ஃப்ரேம் போட்டு மாட்டப் போறேன்."

ஸ்நேகா மரக் கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. பெஞ்சுக்கு அடியில் அக்‌ஷயா அவள் காலை மிதித்தாள். அது பிரயோஜனப்படவில்லை.

"சாரி அங்கிள்" என்றாள் ஸ்நேகா. "எனக்கு முந்நூறு சரியாத்தான் தெரியும். ஆனா சனிக்கிழமை உறையைப் பிரிச்சுப் பாத்தப்ப, லிஸ்ட்ல உங்க கையெழுத்துலயும் அது சரியா இருந்துச்சு. 'எங்கப்பாவுக்கு அது சரியா வரவே வராது, இது கண்டிப்பா டிராப்தான்'னு அக்‌ஷயாதான் தப்பா எழுதச் சொன்னா."